சைக்கிள் சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள்

சைக்கிள் கடையில் சீட் கேட்டு வருகிற எவரையும் கவனித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டியதும் அவர் முதலில் செய்வது, கட்டைவிரலால் அதன் நடுவே அமுக்கிப் பார்ப்பதுதான். விரல் எவ்வளவு ஆழம் புதைகிறதோ அவ்வளவு சுகமான சீட் என்று முடிவு செய்து பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஒரு ஜெல் சீட்டை வாங்கி, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோவையிலிருந்து சத்தியமங்கலம் சாலையில் கிளம்பினேன். கோவில்பாளையம் வரை சோபாவில் உட்கார்ந்தது போல இருந்தது. அன்னூரைத் தாண்டியபோது தொடைகளுக்கு நடுவே உணர்ச்சியே இல்லை. டீக்கடையில் பெஞ்சு காலியாகக் கிடந்தும் உட்கார மனம் வராமல், நின்றுகொண்டே டீயைக் குடித்துவிட்டு வீடு திரும்பினேன். சீட்டை மாற்றித் தரும்படி வாங்கிய கடையில் கேட்டதற்கு, "ஓட்டின சீட்டை எப்படிங்க திருப்பி எடுக்கறது?" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பிறகு அந்த சைக்கிளை எங்கள் ஊரில் நெடுங்காலமாகச் சைக்கிள் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் உருட்டிக்கொண்டு போனேன். அவர் என் சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சீட்டு மெத்தையா இருக்கோணும்னு பாக்கறீங்க தம்பி. எலும்பு எங்க ஊணுதுன்னு பாருங்க மொதல்ல" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் செய்து பார்த்தவற்றையும் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எடை எங்கே இறங்க வேண்டும்

சிமெண்டுத் திண்ணை ஒன்றில் இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி வைத்து, அவற்றின் மேல் நிமிர்ந்து உட்காருங்கள். சற்றே இப்படியும் அப்படியும் அசைந்தால், ஒவ்வொரு கையிலும் ஒரு கெட்டியான குமிழ் அழுந்துவது தெரியும். இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இந்த இரண்டு முனைகளைத்தான் உட்காரும் எலும்புகள் என்கிறோம். உடம்பின் எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை இவை. இவற்றுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சதையில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. எடையைத் தாங்குவது அந்தப் பகுதியின் வேலையே அல்ல. ஆகவே நல்ல சீட் என்பது இரண்டு எலும்புகளையும் அடியிலிருந்து தாங்கி, நடுப்பகுதியை நெருக்காமல் விடுவது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மிருதுவான சீட் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது. எலும்புகள் ஸ்பாஞ்சுக்குள் புதையப் புதைய, நடுவில் இருக்கும் ஸ்பாஞ்ச் மேலெழும்பி, தொடக்கூடாத இடத்தை அழுத்துகிறது. அன்னூரில் எனக்கு நேர்ந்ததும் அதுதான். கடையில் அமுக்கிய கட்டைவிரலுக்கு இது தெரிய வழியில்லை.

இதோடு, திண்ணையில் இன்னொன்றையும் செய்து பார்க்க வேண்டும். கைகள் அடியில் இருக்கும்போதே, ஹேண்டில்பாரைப் பிடிப்பது போல மெல்ல முன்னால் குனியுங்கள். அழுத்தம் உள்ளங்கையில் விரல்களின் பக்கமாக நகர்வது தெரியும். எலும்பின் இரு கிளைகளும் முன்னோக்கிப் போகப் போக ஒன்றையொன்று நெருங்கி வருவதால், குனிந்து ஓட்டுகிறவருக்குச் சீட்டைத் தொடும் இடம் குறுகலாகவும், நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு அகலமாகவும் இருக்கும். என் அப்பா கருப்பு நிறப் பெரிய சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து, இருபுறமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போனதற்கு ஏற்றது அகலமான ஸ்பிரிங் சீட்தான். அதே சீட்டைக் கழற்றி என் கியர் சைக்கிளில் மாட்டினால் தொடை இரண்டும் உரசிப் புண்ணாகிவிடும். அடுத்தவருக்குச் சுகமாக இருப்பதைப் பார்த்துச் சீட் வாங்குவது, அடுத்தவர் கால் அளவில் செருப்பு வாங்குவதைப் போன்றது.

புதியது வாங்குமுன் இருப்பதைச் சரிசெய்யுங்கள்

சீட் வலிக்கிறது என்று சொல்லப்படுகிற குறைகளில் பெரும்பகுதி, உண்மையில் சீட்டின் உயரத்தைப் பற்றிய குறையே என்பது என் எண்ணம். நம் பக்கத்தில் பெரும்பாலோர் இரண்டு பாதங்களும் தரையில் முழுதாக ஊன்றும்படி சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். சந்தை நாளில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்தப் பயம் இருப்பது இயல்புதான். ஆனால் சீட் தாழ்ந்திருக்கும்போது கால்கள் பெடலின் மேல் எடையை ஊன்ற முடிவதில்லை. உடம்பு முழுவதும் மூட்டையைப் போலச் சீட்டின் மேலேயே கிடக்கிறது. முழங்காலும் அளவுக்கு மீறி மடங்கி வலியெடுக்கிறது. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, நடுப் பைப்பின் மேலாக நின்றுகொள்ளப் பழகிவிட்டால், சீட்டைத் தேவையான உயரத்துக்கு ஏற்றுவதில் எந்த ஆபத்தும் இல்லை.

உயரத்தை இரண்டு வழிகளில் பார்க்கலாம். எளியது குதிகால் முறை. வழக்கமாக அணியும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் அப்போது நேராக நீண்டிருக்க வேண்டும். அதே சமயம் அந்தப் பக்கத்து இடுப்பு கீழே சரியக் கூடாது. குதிகாலாலேயே பின்னோக்கி நாலைந்து சுற்று மிதித்துப் பார்த்தால் இடுப்பு ஆடுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். பிறகு வழக்கம் போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 டிகிரி வரை மடிப்பு இருக்கும், அதுதான் வேண்டியது.

இரண்டாவது வழி கணக்கு. வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தடித்த புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே, சீட் அழுத்தும் அளவுக்கு இறுக்கமாக மேலே தள்ளி வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். உள்கால் நீளம் 78 செ.மீ. என்றால் அது ஏறத்தாழ 69 செ.மீ. வரும். இது தொடங்குவதற்கான இடம் மட்டுமே. ஷூவின் தடிமன், கிராங்கின் நீளம், பாதத்தை வைக்கும் பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்து அரை அல்லது ஒரு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ செய்யும். ஒரே நாளில் மூன்று விரற்கடை ஏற்றிவிடாமல், 5 மில்லிமீட்டராக ஏற்றி இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து மறுபடி ஏற்றுவது நல்லது. சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் பைப்பான சீட் பில்லரில் இதற்கு மேல் இழுக்கக் கூடாது என்று கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி ஏற்றினால் பைப் வளைந்தோ விரிந்தோ போகலாம். அந்தக் கோட்டையும் தாண்டி ஏற்ற வேண்டியிருந்தால், அந்த சைக்கிளின் ஃபிரேமே உங்களுக்குச் சிறியது என்று பொருள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தருகிற விலையில்லா மிதிவண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அதன் சீட்டைப் பிள்ளையின் காலுக்கு ஏற்ப ஏற்றியோ இறக்கியோ கொடுத்த பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை. பள்ளியில் கொடுத்த உயரத்திலேயே இரண்டு வருடமும் ஓடுகிறது. அந்த வயதில் பிள்ளைகள் வளர்கிற வேகத்துக்கு, பருவத்துக்கு ஒரு முறை ஸ்பேனரை எடுப்பது அவசியம்.

அடுத்தது சாய்வு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு பலகைத் துண்டையோ கெட்டி அட்டைப் புத்தகத்தையோ வைத்து, அதன் மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வையுங்கள். கைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியும் போதும். குமிழ் நடுவில் நிற்கும்படி சமமாக வைத்துத் தொடங்குவதே முறை. சீட்டின் மூக்கு, அதாவது ஒல்லியான முன்பகுதி, மேல்நோக்கி இருந்தால் நடுப்பகுதி மரத்துப்போகும். மூக்கை ஒன்று அல்லது இரண்டு டிகிரி தாழ்த்தினால் பலருக்கு நிம்மதி கிடைக்கிறது. மூன்று டிகிரிக்கு மேல் தாழ்த்தினாலோ, உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே வரும். அதைத் தடுக்க இரண்டு கைகளும் ஓயாமல் ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டிருக்க, மணிக்கட்டிலும் தோளிலும் புதிய வலி ஒன்று பிறக்கும். வலி இடம் மாறியிருக்குமே தவிரப் போயிருக்காது.

முன்னும் பின்னுமான நிலைக்குக் கொத்தனாரின் இன்னொரு கருவி உதவும். இரண்டு பெடல்களும் தரைக்குச் சமமாக இருக்கும்போது, முன்னால் இருக்கும் காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், நூல் பெடலின் அச்சை ஒட்டி விழ வேண்டும். இதையும் ஒரு தொடக்கமாகவே கொள்ளுங்கள். சீட்டைப் பின்னால் தள்ளினால் பெடலுக்கான தூரமும் கூடுகிறது என்பதால் உயரத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும். இதில் பலர் செய்யும் தவறு, ஹேண்டில்பார் எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்வது. அதைவிடவும் அதிகம் நடப்பது, சீட்டை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு ஓட்டுகிறவர் முன்னால் நகர்ந்துவிடுவது. எலும்புகளைத் தாங்க வேண்டிய அகலமான பின்பகுதி காலியாகக் கிடக்க, முழு எடையும் ஒல்லியான மூக்கின் மேல் இறங்குகிறது. இப்படி உட்காருகிறவர் எந்த விலையில் எந்தச் சீட்டை வாங்கினாலும் பயனில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் என்கிற துண்டைக் குட்டையானதாக மாற்றிக்கொள்வதுதான் அவருக்கான வைத்தியம்.

எலும்பை அளப்பது

இவ்வளவும் செய்து, பத்துப் பதினைந்து நாள் ஓட்டியும் வலி தீரவில்லை என்றால்தான் புதிய சீட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முதலில் தேவைப்படுவது ஓர் அட்டைப்பெட்டி. நெளி நெளியாக உள்ளடுக்கு கொண்ட சரக்குப் பெட்டியின் அட்டை அது. திருப்பூரில் பனியன் கம்பெனிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்காமலே கிடைக்கும். ஒரு சாண் அகலத்துக்கும் சற்றுப் பெரிய, மடிப்பில்லாத துண்டாக வெட்டி, தாழ்வான கெட்டியான படிக்கட்டின் மேலோ முக்காலியின் மேலோ போட்டு, மெல்லிய துணி உடுத்தியபடி அதன் மேல் உட்காருங்கள். முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருந்தால் எலும்பு நன்றாகப் பதியும். தேவைப்பட்டால் குதிகாலைத் தூக்கிக்கொள்ளுங்கள். சைக்கிளில் எவ்வளவு குனிவீர்களோ அவ்வளவு குனிந்து, ஒரு நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு, நேராக எழுந்துவிடுங்கள். அட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். தெரியாவிட்டால் பென்சிலைப் படுக்கவைத்து மேலே லேசாகத் தேய்த்தால், பள்ளம் வெளுப்பாக நின்று காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் புள்ளி வைத்து, இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அளக்க வேண்டும். புது அட்டையில் மூன்று முறை செய்து, ஒத்துவருகிற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கூடத்துப் படியில் இதைச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்த என் மனைவி முதலில் சிரித்தார். பிறகு அவருடைய அளவையும் எடுத்தோம். ஆறடியை நெருங்கும் எனக்கு 11 செ.மீ., என் தோளுயரம் மட்டுமே உள்ள அவருக்கு 13 செ.மீ.!

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இந்த அளவு 10 முதல் 14 செ.மீ.க்குள் வரும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அதிகம். ஆனால் உயரத்தையோ பருமனையோ வைத்து இதை ஊகிக்க முடியாது. பருத்த உடம்புக்கு அகலமான சீட் என்று கடைகளில் எடுத்துக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை; சதை எவ்வளவு இருந்தாலும் எலும்பின் இடைவெளி மாறுவதில்லை.

கிடைத்த அளவோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது உட்காரும் விதத்தைப் பொறுத்தது. நன்றாகக் குனிந்து ஓட்டுகிறவர் 2 முதல் 2.5 செ.மீ. வரை கூட்டினால் போதும். ஹைப்ரிட் போன்ற வண்டியில் பாதி நிமிர்ந்து ஓட்டுகிறவர் 3 அல்லது 4 செ.மீ., முழுதாக நிமிர்ந்து உட்காருகிறவர் 5 செ.மீ. அல்லது அதற்கும் மேல் கூட்டிக்கொள்ளலாம். கூட்டுவதற்குக் காரணம் உண்டு. சீட்டின் அகலம் என்று கடையில் சொல்வது ஓரத்திலிருந்து ஓரம் வரையிலான அளவு. ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்திருப்பதால் எலும்பு நிற்கக்கூடிய பரப்பு அதைவிடக் குறைவு. என் 11 செ.மீ.க்கு 14 செ.மீ. அகலமுள்ள சீட் பொருந்தியது. நான் அன்று முதலில் வாங்கிய ஜெல் சீட் 19 செ.மீ. கடைக்குப் போகும்போது டேப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், சீட்டின் மிக அகலமான இடத்தை நீங்களே அளந்து பாருங்கள்.

வடிவம்

அகலம் ஒத்த சீட்டுகளிலும் வடிவம் வேறுபடும். பின்னாலிருந்து பார்க்கும்போது மேற்பரப்பு தட்டையாக இருக்கிறதா, கூரையைப் போல நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிகிறதா என்று பாருங்கள். உயர்ந்திருந்தால் எலும்புகள் சரிவில் நிற்க, நடுப்பகுதி எடையை வாங்கிக்கொள்ளும். மரத்துப்போகும் தொல்லை உள்ளவர்கள் தட்டையானதையே நாடலாம். பக்கவாட்டில் பார்த்தால் சில சீட்டுகள் தொட்டிலைப் போல நடுவில் தாழ்ந்து உடம்பை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும். சில நேராக இருந்து முன்னும் பின்னும் நகர இடம் கொடுக்கும். மேலிருந்து பார்த்தால், ஒல்லியான மூக்கிலிருந்து சட்டென விரிகிற சீட் தொடையை உரசுவது குறைவு. பேரிக்காயைப் போலச் சிறிது சிறிதாக அகலும் சீட், பருத்த தொடை உள்ளவர்களுக்கு உட்பக்கத் தோலை உரித்துவிடும்.

நடுவில் நீளமாகத் திறப்போ பள்ளமோ விட்ட சீட்டுகள் இப்போது எல்லா விலையிலும் கிடைக்கின்றன. நடுப்பகுதியின் அழுத்தத்தை அது குறைப்பது உண்மை. ஆனால் திறப்பின் ஓரமே சிலருக்குக் குத்துவதால், எல்லோருக்கும் அதுவே மருந்து என்று சொல்லிவிட முடியாது. மூக்கு குட்டையான சீட்டுகள் 24, 25 செ.மீ. நீளத்தில் வருகின்றன, வழக்கமானவை 27, 28 செ.மீ. இருக்கும். மிகவும் குனிந்து ஓட்டும் ஆண்களுக்கும், முன்பகுதி அழுத்தத்தால் அவதிப்படும் பெண்களுக்கும் குட்டை மூக்கு நல்ல பலன் தருகிறது.

நம் பகுதிக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று காற்று. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமாகத் திறந்து கிடப்பதால், ஆனி ஆடியில் மேற்கேயிருந்து வருகிற காற்று நேராக நம் மேல்தான் இறங்குகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்கும் இதுவே காரணம். அந்த மாதங்களில் பல்லடத்திலிருந்து சூலூர் வழியாகக் கோவைக்கு ஓட்டினால், நிமிர்ந்து ஓட்டும் பழக்கம் உள்ளவர்கூடக் காற்றுக்குத் தலை தாழ்த்தி மணிக்கணக்கில் குனிந்தே மிதிக்க வேண்டியிருக்கும். இடுப்பு முன்னால் உருண்டு, அழுத்தம் மூக்குப் பக்கம் போய்விடும். பங்குனியில் சுகமாக இருந்த சீட் ஆடியில் மரத்துப்போகச் செய்வதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று மலை. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறுகிற சாலையில் வண்டியோடு சேர்ந்து சீட்டின் மூக்கும் ஏறத்தாழ 4.5 டிகிரி உயர்ந்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கோ, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கோ ஏறுகிறவர்கள் வழியெல்லாம் சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்காருவதை இதனால்தான் பார்க்கிறோம். அடிக்கடி மலை ஏறுகிறவர் மூக்கை ஒரு டிகிரி தாழ்த்தி, பின்பகுதி சற்றே எழும்பிய சீட்டைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் வழுக்காமல் உட்காரலாம்.

ஸ்பாஞ்ச், ஜெல், தோல்

தினம் இரண்டு மூன்று கிலோமீட்டர் மில்லுக்கும் கடைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து போய் வருகிறவருக்கு மெத்தென்ற ஸ்பிரிங் சீட்டே சரி. அவர் இந்தக் கட்டுரையை இதுவரை படித்ததுகூட வீண் என்று நினைத்தால் நான் மறுக்கமாட்டேன். பயணம் பத்து, இருபது கிலோமீட்டர் என்று நீளும்போதுதான் கெட்டியான ஸ்பாஞ்ச் தேவைப்படுகிறது. கட்டைவிரலால் அமுக்கும்போது சிறிது உள்வாங்கி உடனே எதிர்த்து நிற்பதாக அது இருக்க வேண்டும். இருக்கிற சீட்டின் மேல் மாட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டும் ஜெல் உறையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மிதிக்க மிதிக்க அது பக்கவாட்டில் நகர்ந்து தோலை இழுக்கிறது, வெயிலில் சூடேறுகிறது, அளந்து வாங்கிய அகலத்தையும் பாழாக்குகிறது.

தோல் சீட் தனி வகை. அதில் ஸ்பாஞ்ச் கிடையாது. தடித்த தோல் முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் தூளியைப் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். 1866இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொடங்கப்பட்ட புரூக்ஸ் இந்த வகைக்குப் பேர்போனது. நம் ஊர்ப் பெரிய சைக்கிள்களிலும் முன்பு இத்தகைய சீட்டே இருந்தது. முதலில் பலகையைப் போல இருந்து, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஓட்டுகிறவருடைய எலும்பு நிற்கும் இடத்தில் இரண்டு பள்ளம் விழுந்து, அவருக்கென்றே தைத்தது போல ஆகிவிடும். அப்பாவின் சீட்டில் அந்தப் பள்ளங்கள் இன்றும் பளபளப்பாக இருக்கின்றன. அதில் நான் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் தாங்கவில்லை. தோல் தொய்ந்தால் மூக்கின் அடியில் உள்ள நட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் ஆணி அடித்த இடத்தில் கிழிந்துவிடும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எதையும் ஊற்றிக் குளிப்பாட்டாதீர்கள், தோல் ஊறித் துவண்டுவிடும். வண்டியை மழையில் வெளியே நிறுத்துகிறவர்களுக்குத் தோல் சீட் ஒத்துவராது.

உடுப்பையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அப்பா வேட்டியோடுதான் ஓட்டினார். வேட்டியில் நடுவே தையல் கிடையாது. ஜீன்ஸ் பேன்ட்டின் தையல்கள் நான்கும் கூடிக் கெட்டியாகும் இடமோ, சரியாகச் சீட் அழுத்தும் இடத்தில் வந்து உட்காருகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதென்றால், உள்ளே பட்டை வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் ஜட்டி அணியக் கூடாது. வியர்வை நிறைந்த நம் வெயிலில், ஓட்டி முடித்ததும் அதைக் கழற்றித் துவைத்துப்போடாவிட்டால் உரசிய இடத்தில் கட்டி வந்துவிடும்.

வலி சொல்வதைக் கேட்பது

புதிதாக ஓட்டத் தொடங்கியவருக்கு முதல் இரண்டு வாரம் இரண்டு எலும்புகளிலும் நோவு இருப்பது இயல்பு. எடை விழ வேண்டிய இடத்தில் விழுகிறது என்பதற்கு அது அடையாளம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டினால் தானாகப் பழகிவிடும். மரத்துப்போவது அப்படியல்ல. அது முதல் நாள் வந்தாலும் நூறாவது நாள் வந்தாலும் இயல்பில்லை. அப்போதே எழுந்து நின்று மிதித்து இரத்தம் ஓடவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சாய்வையும் ஹேண்டில்பாரின் தூரத்தையும் பார்க்க வேண்டும். இறங்கிய பிறகும் நெடுநேரம் உணர்ச்சி திரும்பாவிட்டால், சைக்கிளை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒரு பக்க எலும்பு மட்டும் வலித்தால், சீட் கோணலாகத் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேராக இருந்தால் கால்களின் நீளத்தில் வித்தியாசம் இருக்கலாம். தொடையின் உட்பக்கம் எரிந்தால் சீட் அகலம், அல்லது உயரம் அதிகமாகி இடுப்பு ஆடுகிறது. வால் எலும்பில் நோவு இருந்தால் மூக்கு மேல்நோக்கி நிற்கும்.

வாங்கும்போது, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. உறையைப் பிரிக்காமல் பாலித்தீன் சுற்றி ஓட்டித் தருவதாகச் சொன்னால் சில கடைகளில் சம்மதிக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் ஓடும் இரண்டு கம்பிகளும் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பிகளாகவே இருக்கும். விலை உயர்ந்த கார்பன் சீட்டில் அவை முட்டை வடிவில் இருப்பதால், உங்கள் பில்லரின் கிளாம்ப் அதைப் பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சைக்கிள்களில் பில்லர் வெறும் பைப்பாக இருக்கும். அதற்குத் தனியாக கிளிப் வைத்துத்தான் சீட்டை மாட்ட முடியும்.

எல்லாம் சரியான பிறகு, பில்லர் ஃபிரேமுக்குள் நுழைகிற இடத்தில் கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். கிராங்க் மையத்திலிருந்து சீட் வரையிலான உயரம், சீட்டின் நுனியிலிருந்து ஹேண்டில்பார் வரையிலான தூரம், சாய்வு ஆகிய மூன்றையும் ஒரு காகிதத் துண்டில் எழுதி வீட்டில் வைத்திருங்கள். வண்டியை சர்வீஸுக்கு விட்டு எடுக்கும்போது, வேலை பார்க்கும் பையன் ஓட்டிப் பார்ப்பதற்காகச் சீட்டை இறக்கியிருப்பான். மறுபடி ஏற்ற அவனுக்கு நினைவிருப்பதில்லை. டேப் இருந்தால் கடை வாசலிலேயே அரை நிமிடத்தில் பழைய இடத்துக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பலாம்.